ஆற்றுப்படையும் அயலூர்ச் சோறும்

புதிய ஊருக்குச் செல்வோர் கேட்கும் வினாக்கள் இரண்டு. எங்குத் தங்குவது என்பது ஒன்று. எங்கு உண்பது என்பது மற்றொன்று. முதல் வினாவிற்குப் பணம் விடை சொல்லிவிடும். இரண்டாம் வினாவிற்குப் பணம் மட்டும் விடை சொல்லாது. கை நிறையக் காசிருந்தும் நல்ல சோறு கிட்டாமல் திரும்பியவர் உண்டு. சில வெள்ளிகளில் வயிறும் மனமும் ஒருங்கே நிறைந்து மீண்டவரும் உண்டு. எனவே, அறியாத நகரில் நல்லுணவைத் தேர்ந்தெடுப்பது இன்று ஒரு தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. அதற்கென நூல்கள் உள்ளன, விருதுகள் உள்ளன, விண்மீன் குறிகள் உள்ளன.

இத்துறை தமிழுக்குப் புதியதன்று. பத்துப்பாட்டின் பத்துப் பாட்டுகளில் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை இறைவனிடம் ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும், பசித்தவனைச் சோறு கிடைக்கும் இடத்திற்கு வழிகாட்டுவன. ஆயினும் நம் வகுப்பறைகளில் அவை வள்ளல்களின் புகழ்ப்பாக்களாகவே பெரிதும் கற்பிக்கப்படுகின்றன. பாடினோர் யார், பாடப்பட்டோர் யார், அடிகள் எத்தனை என்பவற்றோடு பாடம் முடிந்துவிடுகிறது. வழிகாட்டி நூல் என்ற முறையில் அவை எத்தகையன, இன்றைய வழிகாட்டிகளோடு ஒப்பிட்டால் எங்கு உயர்கின்றன, எங்குத் தாழ்கின்றன என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவை எழுப்பிப் பார்ப்பது இலக்கியத்திற்கும் நன்று, உண்பவனுக்கும் நன்று.

புக்கிட் தெங்காவில் நிற்பவன்

ஒப்பீட்டிற்கு ஓர் ஊர் வேண்டும். புக்கிட் தெங்கா அதற்குப் பொருத்தமானது. பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்ததாயினும் அது தீவில் இல்லை. கடலுக்கு இப்பால், செபராங் பிறைப் பெருநிலத்தில் உள்ளது. பட்டர்வொர்த்திற்கும் புக்கிட் மெர்தாஜாமிற்கும் இடைப்பட்ட அதன் தொடர்வண்டி நிலையத்தில் ஏறுபவர், பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரி படகில் கடலைக் கடந்து ஜார்ஜ் டவுனை அடையலாம். 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் வழியாகவும் செல்லலாம். நகரம் அருகில்தான் இருக்கிறது. ஆனால் இடையில் கடல் கிடக்கிறது. பெருநிலத்தார் தீவுக்குச் செல்வது இன்றும் ஒரு பயணமே.

அந்நிலையத்தில் நிற்பவர்கள் யாவர்? கோவிலுக்குச் செல்லும் குடும்பத்தார் இருக்கலாம். தீவின் மருத்துவமனையில் கிடக்கும் உறவினரைக் காணச் செல்பவர் இருக்கலாம். வேலை தேடிச் செல்லும் இளைஞர் இருக்கலாம். விடுமுறையில் நகரைச் சுற்றிப் பார்க்கச் செல்லும் மாணவர் இருக்கலாம். நால்வரும் நண்பகலில் பசிப்பர். ஆனால் நால்வரின் பசியும் ஒன்றன்று. நோயாளியின் கட்டிலருகே விரைந்து திரும்ப வேண்டியவர் வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க முடியாது. புலால் மறுத்தவருக்கு மாட்டிறைச்சிக் குழம்பின் சிறப்பைச் சொல்லிப் பயனில்லை. எந்த வழிகாட்டியும் இவர்களுள் எவருக்காக எழுதப்பட்டது என்பதே அதனை அளக்கும் முதல் அளவுகோல்.

பசியிலிருந்து தொடங்கும் பாட்டு

இந்த அளவுகோலின்படி ஆற்றுப்படை தலைநிமிர்ந்து நிற்கிறது. அது கடையிலிருந்து தொடங்குவதில்லை, பசித்தவனிடமிருந்து தொடங்குகிறது. கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும், தாம் பெற்ற வளத்தை வழியிடைக் கண்ட வறியவர்க்கு அறிவுறுத்திச் செல்லுமாறு காட்டுவதே ஆற்றுப்படை என்று தொல்காப்பியர் புறத்திணையியலில் வரையறுக்கிறார். எதிரில் வருபவனின் மெலிவைக் கண்ட பின்னரே வழிகாட்டி வாய் திறக்கிறான்.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் அடுக்களை தமிழிலக்கியத்தில் மறக்க முடியாத ஒன்று. அங்குச் சமையல் இல்லை; குட்டி ஈன்ற நாய் குரைத்துக் கிடக்கிறது. பாணன் மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைக்கிறாள். பிறர் கண்டால் நாணம் என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். நல்லியக்கோடனின் கொடை பின்னர் வருகிறது. அக்கொடையின் அளவை நாம் உணர்வது இந்த உப்பில்லாக் கீரையினால்தான். தான் கிடந்த இந்த வறுமையை வழிகாட்டி மறைக்காமல் சொல்லிவிடுகிறான். பசியை அறிந்தவன் சொல்லும் சோற்றுக்கு நம்பகத்தன்மை இருக்கிறது.

கிரேக்க மொழியிலும் இத்தகைய ஒரு நூல் இருந்தது. சிசிலித் தீவின் கேலா நகரத்து ஆர்க்கெஸ்ட்ராட்டஸ் என்பவர், கி.மு. நான்காம் நூற்றாண்டில், எந்தக் கடற்கரை ஊரில் எந்த மீன் சுவை மிக்கது என்று செய்யுளாகப் பாடினார். அதன் சிதறிய பகுதிகளே அத்தினேயசின் நூல் வழியாகக் கிடைத்துள்ளன. மீனைப் பற்றியும் அதைச் சமைக்கும் முறையைப் பற்றியும் அவர் நுட்பமாகவே பேசுகிறார். ஆனால் கிடைத்த பகுதிகளில் பசித்தவன் எவனும் இல்லை. நாவை மட்டுமே உடைய செல்வன் ஒருவனே இருக்கிறான். உணவைப் பாடுவதில் இருவரும் ஒத்தவர். உண்பவனைப் பாடுவதில் தமிழ்ப் புலவரே மிக்கவர்.

வழியில் கிடைக்கும் சோறு

ஆற்றுப்படையைப் புகழ்ப்பா என்று மட்டும் கொள்வோர் காணத் தவறுவது அதன் நடுப்பகுதியை. மன்னனின் அரண்மனை பாட்டின் இறுதியில்தான் வருகிறது. 500 அடிகளையுடைய பெரும்பாணாற்றுப்படையும் 583 அடிகளையுடைய மலைபடுகடாமும் தம் அடிகளில் பெரும்பங்கை வழிக்கே செலவிடுகின்றன. அவ்வழியில் பாணனுக்குச் சோறிடுவோர் பெயரில்லாத எளிய குடிமக்கள்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் வரிசையை நோக்குக. எயினர் குடியில் புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும் கிடைக்கும். ஆயர் குடியில் தினைச் சோறும் பாலும் கிடைக்கும். முல்லை நிலத்து உழவரிடம் வரகுச் சோறும் அவரைப் பருப்பும், மருத நிலத்து உழவரிடம் வெண்ணெற் சோறும் கோழியும் உண்டு. அந்தணர் இல்லத்தில் நெய்யளாவிய மாதுளங்காயும் மிளகும் கறிவேப்பிலையும் கலந்த கறியோடு மாவடு ஊறுகாயும் உண்டு. சிறுபாணாற்றுப்படையிலும் அவ்வாறே. எயிற்பட்டினத்தில் கள்ளும் சுட்ட மீனும், வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெள்ளரிசிச் சோறும் நண்டுக் கறியும் கிடைக்கும் என்று இடமும் உணவும் இணைத்தே சொல்லப்படுகின்றன.

இவ்வுணவுகளுக்கெல்லாம் பொதுவான ஒரு பண்பு உண்டு. இவற்றுள் எதுவும் விருந்தினனுக்கென்று தனியே ஆக்கப்பட்டதன்று. எயினர் நாள்தோறும் உண்பது புல்லரிசி; ஆயர் உண்பது தினை. தம் மக்களுக்கு ஆக்கியதையே வந்தவனுக்கும் பகிர்கின்றனர். நிலம் மாறச் சோறு மாறுகிறது. ஒவ்வொரு சோறும் அந்நிலத்திற்கு உரியதாக இருக்கிறது. ஆற்றுப்படை வெளிப்படையாகச் சொல்லாமல் தன் அமைப்பினாலேயே உணர்த்தும் தேர்வு நெறி இதுதான்: ஓர் ஊரில் நல்ல சோறு, அவ்வூரார் தமக்கென்று ஆக்கிக்கொள்ளும் சோறு.

இதற்கு மறுதலையாகப் பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் காட்டும் கரிகாலனின் விருந்தை வைத்துப் பார்க்க வேண்டும். கொழுத்த ஆட்டிறைச்சியின் சூடு பொறுக்காமல் வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாற்றி மாற்றித் தின்கிறான் பொருநன். இரவும் பகலும் இறைச்சி தின்று, கொல்லையை உழுத கொழுப்போல அவன் பற்கள் மழுங்கிவிடுகின்றன. மூச்சுவிடவும் இடமின்றி உண்டு சலித்து, ஊர் திரும்ப விடை கேட்கிறான். புலவர் இதனை மன்னனின் வள்ளன்மைக்குச் சான்றாகவே பாடினார் என்பதில் ஐயமில்லை. எனினும் நுண்ணிய நகையொன்று இதில் ஒளிந்திருக்கிறது. அரண்மனைச் சோறு தெவிட்டுகிறது; வழிச் சோற்றைப் பற்றி அவ்வாறு எந்தப் பாணனும் சொல்லவில்லை.

காவிச் சென்ற சோறு

இனி ஜார்ஜ் டவுனுக்கு வரலாம். அந்நகரின் புகழ்பெற்ற உணவுகளுள் நாசி கண்டாருக்கும் தமிழருக்கும் உள்ள உறவு நெருக்கமானது. நாசி என்பது சோறு. கண்டார் என்பது தோளில் காவும் தடி. தமிழ் முசுலிம் வணிகர்கள் தடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டுக் காவடிபோல் சுமந்து தெருத்தெருவாகச் சென்றனர். துறைமுகத்தில் உழைத்த தொழிலாளர்களே அதனை வாங்கி உண்டவர்கள். பல குழம்புகளை ஒரே சோற்றின்மேல் கலந்து ஊற்றும் முறை இன்றும் அவ்வுணவின் அடையாளமாக உள்ளது.

இதனை ஆற்றுப்படையோடு சேர்த்து எண்ணினால் ஓர் உண்மை புலப்படும். பாணன் சோற்றைத் தேடி நடந்தான். பினாங்குத் தொழிலாளியைத் தேடிச் சோறு நடந்தது. தேடி வரும் சோற்றிற்கு வழிகாட்டி தேவையில்லை. சுமந்து சென்றவர் கடை வைத்து அமர்ந்த பின்னர், உண்பவர் நடக்கலானார். 1907 முதல் கேம்பல் தெருவில் இயங்கும் அமீதியா உணவகம் அவ்வாறு வேரூன்றிய பழங்கடைகளுள் ஒன்று. இன்று அத்தகைய கடைகளின் முன் வெளிநாட்டாரும் நிற்கின்றனர். தொழிலாளியின் பசிக்குப் பிறந்த உணவு, ஊர் காண வந்தவரின் ஆவலுக்குரிய உணவாகவும் ஆகிவிட்டது.

ஒரு நகரத்தின் சோற்றைக் காத்து நிற்பது அந்நகரத்தாரின் நாவே. நாள்தோறும் வருபவர் குழம்பில் புளி குறைந்தால் கேட்பார். ஒரு முறை வருபவர் கேட்கமாட்டார். ஜார்ஜ் டவுனின் உள்நகரில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 சனவரி முதல் நாளோடு முடிவுற்றபோது, குறைந்த வாடகையில் வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008 சூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபிடப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்களுக்குக் காவல் கிடைத்தது. ஆனால் அக்கட்டடங்களின் கீழ் உண்டு வாழ்ந்தவர் பலர் அதற்கு முன்பே போய்விட்டனர். உண்பவர் குடிபெயர்ந்தால் சோறு யாரை நோக்கி ஆக்கப்படும் என்னும் வினா இங்கு எழாமல் இராது.

விண்மீன் வழிகாட்டிகள்

இன்றைய வழிகாட்டிகளுள் தலையாயது மிச்செலின் நூல். 1900-இல் பிரான்சின் உருளிப்பட்டை (டயர்) நிறுவனம் ஒன்று வண்டியோட்டிகளுக்கு இலவசமாகக் கொடுத்த கையேடு அது. மக்கள் நெடுந்தொலைவு சென்றால் பட்டைகள் தேயும். தேய்ந்தால் விற்கும் என்பதே அதன் வணிக நோக்கு. 1926-இல் விண்மீன் குறி வந்தது. 1931-இல் அது மூன்று படிகளாக விரிந்தது. ஒரு விண்மீன் தன் வகையில் மிக நல்ல கடைக்கு உரியது. இரண்டு விண்மீன், வழி விலகிச் சென்று உண்ணத் தக்கது என்று பொருள்படும். மூன்று விண்மீன், அதற்கென்றே பயணம் புறப்படத் தக்கது என்று பொருள்படும். 2022 டிசம்பரில் கோலாலம்பூருக்கும் பினாங்கிற்கும் உரிய முதல் பதிப்பு வெளிவந்தது. அதில் பினாங்கில் இரண்டு உணவகங்கள் ஒவ்வொரு விண்மீன் பெற்றன. ஒன்று பெரானாக்கான் உணவகம், மற்றொன்று ஐரோப்பிய முறை உணவகம். குறைந்த விலையில் நல்லுணவு தரும் கடைகளுக்கு உரிய தனிச் சிறப்பைத் தெருவோரக் கடைகள் சிலவும் பெற்றன.

இந்நூலின் சிறப்பை மறுத்தல் நேர்மையாகாது. அதன் ஆய்வாளர்கள் தம்மை யார் என்று காட்டிக்கொள்வதில்லை. உண்டதற்குத் தாமே பணம் செலுத்துகின்றனர். பாரிசில் 1803 முதல் 1812 வரை ஆண்டுமலர் வெளியிட்ட கிரிமோ டி லா ரெனியேரின் முறையோ வேறு. வணிகர்கள் விலையின்றி அனுப்பிய உணவுகளை ஒரு குழு சுவைத்துத் தீர்ப்புச் சொன்னது. அதனோடு ஒப்பிட்டால் மிச்செலின் முறை பன்மடங்கு தூயது. ஆயினும் புரவலர் இன்றி அதுவும் இயங்குவதில்லை. தாய்லாந்திற்கு அந்நூல் வந்தபோது அந்நாட்டுச் சுற்றுலா ஆணையம் ஐந்தாண்டுகளுக்கு 144 மில்லியன் பாட் ஒதுக்கியது. ஆய்வாளர் தம் சோற்றுக்குப் பணம் கொடுக்கிறார்; நூல் அந்நாட்டிற்கு வருவதற்கு வேறொருவர் பணம் கொடுக்கிறார்.

இவ்விடத்தில் ஆற்றுப்படை மீது ஒரு குற்றச்சாட்டு எழும். பாணனும் மன்னனிடம் பரிசில் பெற்றவன்தானே? அவன் சொல் விளம்பரம் ஆகாதோ? இக்குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆற்றுப்படையில் எந்தப் புரவலனும் பழிக்கப்படுவதில்லை. ஆனால் இரண்டு செய்திகளை எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, பாணன் தான் பெற்றதை மறைக்கவில்லை. பெற்றதைச் சொல்லியே தொடங்குகிறான். கேட்பவன் அதனை அறிந்தே கேட்கிறான். இரண்டாவது, ஆற்றுப்படையைப் பாடிய அதே மரபு பழிப்பையும் பாடியது. தம்மை நேரில் காணாமலே அதியமான் பரிசில் அனுப்பியபோது, பெருஞ்சித்திரனார் அதனை ஏற்க மறுத்துப் பாடிய பாட்டு புறநானூற்றில் 208-ஆவதாக இன்றும் இருக்கிறது. வாழ்த்தும் வழிகாட்டலும் ஒரு புறம், மறுப்பு மறுபுறம் என்று சங்கச் சான்றோர் இரண்டையும் வைத்திருந்தனர். இன்றைய வழிகாட்டி நூல் நல்ல கடைகளை மட்டும் குறிக்கிறது. ஏனையவற்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. சொல்லாமை பழிப்பும் ஆகாது, எச்சரிக்கையும் ஆகாது.

எச்சரிக்கையில் மலைபடுகடாமை விஞ்சும் வழிகாட்டி அரிது. பெருங்கௌசிகனார் நன்னனின் செங்கண்மா நோக்கிச் செல்லும் கூத்தனுக்குச் சோறு கிடைக்கும் குடிகளை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள வழியில் விடிந்த பின் செல்லுமாறும், பாம்பு உறையும் குழிகளைப் பார்த்து நடக்குமாறும், தினைப்புனம் காப்போர் யானையை நோக்கி எறியும் கவண்கல்லுக்கு ஒதுங்குமாறும் சொல்கிறார். தன் சொல்லை நம்பிச் செல்பவனின் உடலுக்குத் தானே பொறுப்பு என்று கருதும் வழிகாட்டி அவர். ஜார்ஜ் டவுனுக்கு வழிகாட்டுவோரும் எந்தக் கடை எந்த நேரத்தில் தீர்ந்துபோகும், எங்கு விலையை முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும், எந்தக் குழம்பில் எந்த இறைச்சி என்பவற்றைச் சொல்ல வேண்டியவர்களே.

ஆற்றுப்படையின் குறை

இத்துணையும் சொல்லி, ஆற்றுப்படையின் எல்லையைச் சொல்லாது விடுவது திறனாய்வாகாது. பாணன் பாணனுக்கே வழி சொல்கிறான். இருவரும் ஒரு குடியினர், எல்லாம் உண்பவர். எனவே நீ எதை உண்பாய் என்று கேட்க வேண்டிய தேவை அவனுக்கு எழவில்லை. ஜார்ஜ் டவுன் அத்தகைய ஊரன்று. மாரியம்மன் கோவிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் சீனர் கோவில்களும் சில தெருக்களுக்குள்ளேயே நிற்கின்ற நகரம் அது. ஒருவருக்கு விலக்கப்பட்டது மற்றவருக்கு விருந்தாகும். அங்கு வழிகாட்ட வருபவர் முதலில் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மேலும், ஆற்றுப்படை வழியின் சோறு இலவசம். நகரத்துச் சோறு விலைக்கு உரியது. விலையைச் சொல்லும் மரபு நம் பழம்பாட்டில் இல்லை. இவ்விரண்டையும் இக்காலத்தார் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சேர்த்துக்கொண்டால் நமக்கு ஒரு முழுமையான அளவுகோல் கிடைக்கிறது. வழிகாட்டுபவர் தாமே உண்டவராக இருத்தல் வேண்டும். கேட்பவரின் பசியையும் விலக்கையும் கைப்பொருளையும் அறிதல் வேண்டும். இடத்தோடு வழியையும், நன்மையோடு தீமையையும் சொல்லுதல் வேண்டும். தமக்கு அக்கடையால் பயன் உண்டாயின் அதனை மறைக்காது உரைத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அவ்வூரார் தம் பிள்ளைகளோடு அமர்ந்து உண்ணும் இடத்தைக் காட்டுதல் வேண்டும்.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். ஆற்றுப்படையின் இலக்கணத்தை மனப்பாடம் செய்த மாணவனிடம், புக்கிட் தெங்கா நிலையத்தில் நிற்கும் ஒருவருக்கு ஜார்ஜ் டவுனில் நண்பகல் உணவுக்கு வழி சொல்லுமாறு உரைநடையில் எழுதப் பணிக்கலாம். நிற்பவர் யார் என்பதை அவனே முடிவு செய்யட்டும். மருத்துவமனைக்குச் செல்லும் மூதாட்டி என்று அவன் எழுதத் தொடங்கினால், படகுத்துறையிலிருந்து எவ்வளவு தொலைவு, அமர நாற்காலி உண்டா, காரமில்லாத கறி கிடைக்குமா என்றெல்லாம் அவன் எண்ண வேண்டியிருக்கும். அவ்வாறு எண்ணும் வேளையில், முன்பின் அறியாத ஒருவரின் பசியை ஒரு பாணன் ஏன் தன் பசியாகக் கருதினான் என்பது அவனுக்கு விளங்கும். உரையாசிரியர் உதவியின்றியே அவன் அறிந்துகொள்ளும் செய்தி அது. 1889-இல் உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சேற்றி நம் கையில் தந்தார். அதனைப் பேழைக்குள் வைத்துப் போற்றுவதோடு நில்லாமல், வழி கேட்பவருக்குச் சொல்லும் விடையாகவும் ஆக்குவது தமிழ் பயில்வோரின் கடனாகும்.